வயலின் ஆசிரியரின் நினைவு மலரில் அவர் கட்டிய மாதிரிப் புகையிரதப் பாதையைப் பற்றி எழுதலாமா?

கேள்வி: வாவிக்கரை மாணவி, மட்டக்களப்பு

அனைவருக்கும் வணக்கம். மட்டக்களப்பு நகரில் மூன்று தலைமுறைப் பிள்ளைகளுக்கு வயலின் கற்பித்த எங்கள் ஆசிரியர் இம்மாதத் தொடக்கத்தில் காலமானார். அவருடைய 31ஆம் நாள் நினைவாக மாணவர்கள் சேர்ந்து ஒரு மலர் வெளியிடவிருக்கிறோம். வாழ்க்கைக் குறிப்பை எழுதும் பொறுப்பு என்னிடம் தரப்பட்டிருக்கிறது. குடும்பத்தினரின் விருப்பப்படி அவருடைய பெயரை இங்கே குறிப்பிடவில்லை.

அவருடைய இசை வாழ்வை எழுதுவதில் எனக்குத் தயக்கம் இல்லை. ஏறாவூர்ப் புகையிரத நிலையத்தில் தண்டவாளப் பாதையை மாற்றிவிடும் பொயின்ற்ஸ்மனாக வேலை பார்த்தவரின் மகனாகப் பிறந்து, புகையிரத விடுதியில் வளர்ந்து, இந்தியாவுக்குச் சென்று கர்நாடக இசை பயின்று திரும்பியவர் அவர். மாமாங்கேஸ்வரர் ஆலயத் திருவிழாக்களில் பக்கவாத்தியம் வாசித்தவர்; அதே வயலினை எடுத்துக்கொண்டு பறங்கியர் வீட்டுத் திருமணங்களுக்குச் சென்று கஃப்ரிஞ்ஞா என்ற நடன இசையை வாசித்துவிட்டு விடியற்புறம் வீடு திரும்பியவர். எந்த இசையையும் தாழ்வாகக் கருதாத அந்தக் குணத்தைப் பற்றி எழுதச் சொன்னால் பக்கங்கள் போதாமல் போகும்.

நான் கேட்க வந்தது அவருடைய வீட்டின் பின்னறையைப் பற்றியது. அந்த அறை முழுவதையும் அடைத்துக்கொண்டு, இடுப்பளவு உயரமான பலகைகளின் மேல், மட்டக்களப்புப் புகையிரத நிலையத்திலிருந்து மன்னம்பிட்டிப் பாலம் வரையிலான பாதையின் சிறுவடிவம் ஒன்று இருக்கிறது. எல்லா நிலையங்களும் அதில் இல்லை. மட்டக்களப்பு, ஏறாவூர், வாழைச்சேனை, புனானை, பிறகு பாலம். அதன் மேல் எஞ்சினும் பெட்டிகளும் மின்சாரத்தில் ஓடும். அதைக் கட்டுவதில் அவர் தம் வாழ்நாளின் பெரும் பகுதியைச் செலவிட்டார் என்று அவருடைய மகள் சொல்கிறார். தாள வகுப்புக்கு வரும் சிறுவர்களை அந்த அறைக்கு அழைத்துச் சென்று, பெட்டிகளை ஓடவிட்டு, சக்கரங்கள் எழுப்பும் ஓசைக்குக் கை போடச் சொல்வார். நான்கு நான்காக எண்ணும் சதுஸ்ர நடை என்பது என்ன என்று நான் விளங்கிக்கொண்டது அங்கேதான்.

மலர்க் குழுவில் உள்ள பெரியவர்கள் சிலர், இதனை வாழ்க்கைக் குறிப்பில் சேர்க்க வேண்டாம் என்று கருதுகிறார்கள். ஒரு சங்கீத ஆசிரியரின் மதிப்பு அவருடைய கச்சேரிகளிலும் மாணவர்களிலும் இருக்கிறது என்றும், விளையாட்டுக் கோச்சியைப் பற்றி எழுதினால் படிப்பவர்கள் அவரைச் சிறுபிள்ளைத்தனமானவர் என்று நினைத்துவிடுவார்கள் என்றும் சொல்கிறார்கள். அவர்கள் ஆசிரியர் மேல் உள்ள பற்றினால்தான் அப்படிப் பேசுகிறார்கள் என்பதை நான் அறிவேன். ஆனால் அந்த அறையை விட்டுவிட்டு எழுதிப் பார்த்தபோது, நான் அறிந்த மனிதர் அந்த எழுத்தில் இல்லை.

இரண்டு விடயங்களை அறிய விரும்புகிறேன். இதை எழுதுவதாயின், படிப்பவர் மதிக்கும் வகையில் எப்படி எழுதுவது? வீட்டைத் திருத்தவிருப்பதால் அந்தப் பாதையை எப்படிச் சிதையாமல் எடுத்து வைப்பது?

அறிந்தவர்களுக்கு உதவும் என்பதால் நான் அங்கே கண்டவற்றையும் குறிப்பிடுகிறேன். அளவுகோல் வைத்துப் பார்த்தபோது இரு தண்டவாளங்களுக்கும் இடைப்பட்ட தூரம் 22 மில்லிமீற்றர் இருந்தது. தண்டவாளங்களின் மேற்புறத்தில் ஒரே சீரான இடைவெளியில் மெல்லிய வெட்டுகள் இருக்கின்றன. அவை பழுதா, வேண்டுமென்றே செய்தவையா என்று தெரியவில்லை. புனானை நிலைய மேடையில் நிற்கும் ஒரு சிறிய மனித உருவத்தின் கையில் நீண்ட காம்புடன் கூடிய கம்பி வளையம் இருக்கிறது. ஓர் எஞ்சினின் பக்கவாட்டில் அல்பேட்டா என்று ஆங்கில எழுத்துகளில் எழுதப்பட்டிருக்கிறது. பாலத்தின் வாயிலில் ஒரு பஸ்ஸும் ஒரு மாட்டு வண்டியும் காத்து நிற்கின்றன. மேசையின் இழுப்பறையில் இருந்த குறிப்பேடுகளில் புகையிரத நேரங்களும் அவற்றின் கீழே தாளக் குறியீடுகளும் எழுதப்பட்டுள்ளன.

---

பதில்: ஓய்வுபெற்ற நிலைய அதிபர், வாழைச்சேனை

தங்கச்சி, உங்கள் ஆசிரியரின் மறைவுக்கு என் ஆழ்ந்த அனுதாபங்கள். நீங்கள் கடைசிப் பந்தியில் எழுதியிருப்பவற்றைப் படித்ததும் உடனே பதில் எழுத வேண்டும் என்று தோன்றியது. ஏனென்றால் நீங்கள் விளங்காமல் விட்டிருக்கும் ஒவ்வொரு பொருளையும் நான் என் உத்தியோகக் காலத்தில் கையால் தொட்டிருக்கிறேன்.

அந்தக் கம்பி வளையத்திலிருந்து தொடங்குகிறேன். மட்டக்களப்புப் பாதை ஒற்றைப் பாதை. இரு நிலையங்களுக்கு இடையில் ஒரே நேரத்தில் ஒரு புகையிரதம் மட்டுமே இருக்க வேண்டும் என்பதை உறுதி செய்வதற்கு டெப்லட் என்ற வட்டமான உலோகத் தகடு பயன்பட்டது. இரு நிலையங்களிலும் உள்ள கருவிகள் மின்கம்பியால் இணைக்கப்பட்டிருக்கும். ஒரு நிலையத்தில் ஒரு டெப்லட்டை வெளியே எடுத்துவிட்டால், அது மீண்டும் கருவிக்குள் போடப்படும்வரை இரண்டில் எதிலிருந்தும் இன்னொன்றை எடுக்க முடியாது. அந்தத் தகடு ஒரு தோல் பையில் வைக்கப்பட்டு, பை ஒரு வளையத்தில் கட்டப்பட்டிருக்கும். நிற்காமல் கடந்து செல்லும் எஞ்சினில் இருந்து கையை நீட்டிச் சாரதியின் உதவியாளர் அந்த வளையத்தைப் பற்றிக்கொள்வார். இரவில், மழையில், அந்த வளையத்தை உயர்த்திப் பிடித்துக்கொண்டு மேடை விளிம்பில் நிற்பது எப்படியிருக்கும் என்பது நின்றவர்களுக்குத்தான் தெரியும். பொயின்ற்ஸ்மனின் மகன் அதைச் சிறுவயதிலேயே பார்த்திருப்பார். அவர் அந்த மனிதனை மேடையில் நிறுத்தியது அலங்காரத்துக்காக அல்ல.

அல்பேட்டா என்பது எம்2 வகை டீசல் எஞ்சின்களில் ஒன்றின் பெயர். 1954ஆம் ஆண்டு முதல் இலங்கைக்கு வந்த அந்த வகையில், கொழும்புத் திட்டத்தின் கீழ்க் கனடா வழங்கியவற்றுக்கு ஒன்ராறியோ, அல்பேட்டா என அந்நாட்டு மாகாணங்களின் பெயர்கள் சூட்டப்பட்டன. ஜெனரல் மோட்டோர்ஸ் நிறுவனத்தின் பன்னிரண்டு சிலிண்டர் கொண்ட இரட்டை அடி எஞ்சின் அது. பிற்காலத்து எம்4 வகையின் ஓசையிலிருந்து அதன் ஓசை வேறுபட்டது. கண்ணை மூடிக்கொண்டு எந்த வகை எஞ்சின் வருகிறது என்று சொல்லக்கூடிய பலர் எங்களுக்குள் இருந்தார்கள். சுருதி பிடிக்கத் தெரிந்த ஒருவருக்கு அது இன்னும் எளிதாக இருந்திருக்கும்.

பாலத்தின் வாயிலில் பஸ்ஸும் மாட்டு வண்டியும் நிற்பதற்கு ஒரு காரணம் உண்டு. மகாவலி கங்கையைக் கடக்கும் மன்னம்பிட்டி இரும்புப் பாலத்தில் புகையிரதமும் வீதி வாகனங்களும் ஒரே தளத்தைத்தான் பயன்படுத்தின. புகையிரதம் வரும்போது வாயிலை மூடிவிடுவார்கள். அது கடந்து முடியும்வரை மற்றவர்கள் காத்து நிற்க வேண்டும். 2007ஆம் ஆண்டில் பக்கத்தில் புதிய வீதிப் பாலம் திறக்கப்பட்ட பிறகு அந்தக் காத்திருப்பு இல்லாமல் போயிற்று. இன்று இருபது வயதுள்ள ஒருவருக்கு அதைச் சொன்னால் நம்ப மாட்டார். உங்கள் ஆசிரியரின் மேசையில் அது இருக்கிறது.

தண்டவாளத்தில் உள்ள வெட்டுகளை ஒருபோதும் பழுது என்று நினைத்துவிடாதீர்கள். உண்மையான தண்டவாளங்கள் துண்டு துண்டாக வந்து, முனைகளில் தகடு வைத்து முடுக்கப்பட்டவை. வெயிலில் இரும்பு நீளும் என்பதால் மூட்டுகளில் சிறிய இடைவெளி விடப்படும். சக்கரம் அந்த இடைவெளியின் மேல் ஏறி இறங்கும்போதுதான் தடக் என்ற ஓசை பிறக்கிறது. பெட்டியின் இரு முனைகளிலும் போகி என்ற சக்கரத் தொகுதி ஒவ்வொன்று உண்டு. ஒரு போகிக்கு இரண்டு அச்சுகள். முன்னால் போகும் பெட்டியின் பின் போகியும், அதற்கு அடுத்த பெட்டியின் முன் போகியும் அருகருகே இருப்பதால், பாதையோரத்தில் ஒரு மூட்டுக்கு அருகில் நின்று கேட்பவருக்கு நான்கு அடிகள் அடுத்தடுத்து விழுந்து, பெட்டியின் நடுப்பகுதி கடக்கும்வரை ஓர் ஓய்வு வரும். பிறகு மீண்டும் நான்கு. சதுஸ்ர நடையை அங்கே விளங்கிக்கொண்டேன் என்று நீங்கள் எழுதியதன் காரணம் இதுதான். மாதிரித் தண்டவாளம் நீளமாக ஒரே துண்டாக இருந்தால் அந்த ஓசை வராது. அதற்காகத்தான் அவர் வாளால் அளந்து வெட்டியிருக்கிறார்.

இன்னொன்றையும் நீங்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். 1928இல் திறக்கப்பட்ட இந்தப் பாதையில் போர்க்காலத்தில் பல ஆண்டுகள் புகையிரதம் மட்டக்களப்புக்கு வரவில்லை. நிலையங்கள் சேதமாயின, சிலிப்பர் கட்டைகள் பிடுங்கப்பட்டன, புல் வளர்ந்து எல்லாவற்றையும் மூடியது. உதயதேவி என்ற புகையிரதம் மீண்டும் வரும் என்று எங்களில் பலர் நம்பவில்லை. உங்கள் ஆசிரியர் எந்த ஆண்டுகளில் புனானையையும் வாழைச்சேனையையும் கட்டினார் என்று மகளிடம் கேட்டுப் பாருங்கள். அந்த ஆண்டுகளில் கட்டியிருந்தால், வெளியே பாதை இல்லாத காலத்தில் அந்த அறைக்குள் மட்டும் மட்டக்களப்புக்குப் புகையிரதம் வந்துகொண்டிருந்தது என்று துணிந்து எழுதுங்கள். எந்தப் பெரியவரும் அதைச் சிறுபிள்ளைத்தனம் என்று சொல்ல மாட்டார்.

---

பதில்: தாமரைக்கேணி வாசகர், மட்டக்களப்பு

குழுவிலுள்ள பெரியவர்கள் சொல்வதிலும் ஒரு நியாயம் இருக்கிறது என்று நான் கருதுகிறேன். 31ஆம் நாள் மலர் துயர் நிறைந்த வீட்டின் கையில் கொடுக்கப்படும் நூல். அதில் தேவாரமும், வம்சாவளியும், உற்றார் உறவினரின் நன்றியுரையும் இடம்பெற வேண்டும். அவற்றுக்கு நடுவே அகலமும் நீளமும் பற்றிய விவரங்கள் பக்கம் பக்கமாக வந்தால் வாசிப்பவர் களைத்துப் போவார். புகையிரத அறையைப் பற்றி எழுதுங்கள். ஆனால் வாழ்க்கைக் குறிப்பில் ஒரு பந்தியாக எழுதி, விரிவானதைத் தனிக் கட்டுரையாக வைத்துக்கொள்ளுங்கள். இசையைப் பற்றிய பகுதி எக்காரணம் கொண்டும் சுருங்கிவிடக் கூடாது.

---

பதில்: இசைத்துறைப் பட்டதாரி, கல்லடி

தாமரைக்கேணி ஐயா சொல்வதை மதிக்கிறேன்; ஆயினும் தனிக் கட்டுரை என்ற யோசனையில் எனக்கு உடன்பாடு இல்லை. இசையை ஓரிடத்திலும் புகையிரதத்தை வேறோர் இடத்திலும் வைத்தால், இரண்டுக்கும் தொடர்பில்லை என்று வாசகருக்கு நாமே சொல்லிக்கொடுத்தது போலாகிவிடும். நிலைய அதிபர் ஐயா தண்டவாள வெட்டுகளைப் பற்றி எழுதியதைப் படித்த பிறகு அப்படிப் பிரிக்க எப்படி மனம் வரும்?

உலக இசை வரலாற்றிலும் இப்படிப்பட்டவர்கள் இருந்திருக்கிறார்கள். குழுவினரிடம் காட்டுவதற்கு உதவக்கூடும் என்பதால் சிலரைப் பற்றிக் கூறுகிறேன். செக் நாட்டின் மாபெரும் இசையமைப்பாளரான அன்டோனின் துவோர்ஷாக் (1841–1904) புகையிரதங்களின் மேல் தீராத பற்றுக் கொண்டிருந்தவர். பிராக் நகரின் நிலையத்துக்கு அடிக்கடி சென்று எஞ்சின்களைப் பார்ப்பதும், அவற்றின் இலக்கங்களைக் குறித்துக்கொள்வதும், சாரதிகளுடன் பேசுவதும் அவருக்கு வழக்கம். தம்மால் போக முடியாத ஒரு நாளில், பின்னாளில் மருமகனான தம் மாணவர் யோசஃப் சுக்கை அனுப்பியதாகவும், அவர் எஞ்சினின் இலக்கத்துக்குப் பதிலாக அதன் பின்னால் உள்ள நிலக்கரி வண்டியின் இலக்கத்தை எழுதிக்கொண்டு வந்ததால் ஆசிரியர் மிகவும் மனம் நொந்ததாகவும் ஒரு கதை வழங்கி வருகிறது. 1892 முதல் 1895 வரை நியூயோர்க்கில் பணியாற்றியபோது, நிலைய மேடைகளுக்குள் எளிதில் நுழைய முடியாததால் அவர் துறைமுகத்துக்குச் சென்று கப்பல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய வாழ்க்கையை எழுதிய எவரும் இவற்றை மறைக்கவில்லை.

உங்கள் ஆசிரியரின் வாழ்க்கைக்கு இன்னும் நெருக்கமானவராக எனக்குத் தோன்றுபவர் அமெரிக்கப் பாடகர் மேர்ல் ஹகார்ட். ஜிம் ரீவ்ஸைப் போல அவர் நம் ஊரில் வீடு வீடாக அறியப்பட்டவர் அல்லர். ஆனால் கன்ட்ரி இசை கேட்பவர்களுக்குத் தெரியாதவரும் அல்லர். 1937ஆம் ஆண்டு ஏப்ரல் 6ஆம் திகதி கலிஃபோர்னியாவில் பேக்கர்ஸ்ஃபீல்டுக்கு அருகில் உள்ள ஓயில்டேலில் பிறந்தார். அவருடைய குடும்பம் குடியிருந்தது, வீடாக மாற்றப்பட்ட ஒரு பழைய சரக்குப் பெட்டியில். தந்தை சாந்தா ஃபே புகையிரத நிறுவனத்தின் தொழிலாளி. ஒன்பது வயதில் தந்தையை இழந்த பிறகு அந்தச் சிறுவன் சரக்கு வண்டிகளில் ஏறி ஊரை விட்டு ஓடத் தொடங்கினான், குற்றங்களில் சிக்கினான், சான் குவென்டின் சிறையில் இருந்தான். 1960இல் வெளியே வந்து பாடத் தொடங்கியவர், பெரும் புகழ் அடைந்தார். அப்போது கலிஃபோர்னியாவின் ஆளுநராக இருந்த றொனால்ட் ரேகன் 1972இல் அவருக்கு முழு மன்னிப்பு வழங்கினார். 1976இல் புகையிரதங்களைப் பற்றிய பாடல்களாலான ஓர் இசைத்தட்டை வெளியிட்டார். மாதிரிப் புகையிரதங்களின் மேலும் அவருக்குப் பெரும் ஆசை இருந்தது. 2016ஆம் ஆண்டு, தம் 79ஆவது பிறந்தநாளன்றே காலமானார். அவர் வளர்ந்த அந்தப் பெட்டி வீடு இன்று பேக்கர்ஸ்ஃபீல்டில் உள்ள அருங்காட்சியகம் ஒன்றில் பாதுகாக்கப்படுகிறது. தந்தையின் தொழிலும், பிள்ளைப் பருவத்தின் ஓசைகளும், பிற்காலத்துப் பாட்டும், மாதிரி வண்டிகளும் அவரிடத்தில் ஒரே நூலில் கோத்தவை. புகையிரத விடுதியில் வளர்ந்த உங்கள் ஆசிரியரைப் பற்றியும் அப்படியே எழுதலாம் அல்லவா?

வாழ்ந்துகொண்டிருப்பவர்களிலும் உதாரணம் உண்டு. கனடாவில் பிறந்த பாடகர் நீல் யங், மூளை வாதத்தோடு பிறந்த தம் மகனும் மாதிரி வண்டிகளை ஓட்ட வேண்டும் என்பதற்காகப் பெரிய பொத்தானை அழுத்தி இயக்கும் கருவிகளை உருவாக்கத் தொடங்கினார். அந்த முயற்சி லயனல் என்ற பழைய மாதிரிப் புகையிரத நிறுவனத்தின் புதிய கட்டுப்பாட்டு முறையாக வளர்ந்தது. 1995இல் அந்த நிறுவனத்தை வாங்கியவர்களில் அவரும் ஒருவரானார். பாடகர் றொட் ஸ்டூவர்ட் 1940களின் அமெரிக்கத் தொழில் நகரம் ஒன்றை மாதிரிப் பாதைகளோடு இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் கட்டி, 2019இல் பிரித்தானிய இதழ் ஒன்றில் வெளியிட்டார். இசைப் பயணங்களின்போதும் விடுதியில் கூடுதலாக ஓர் அறை எடுத்து, கட்டடங்களை அங்கே செய்துகொண்டிருந்தவர் அவர்.

ஆனால் இவர்களையெல்லாம் மலரில் அடுக்க வேண்டாம். அது ஆசிரியரின் மலர். குழுவினரின் மனம் மாறுவதற்கு மட்டும் பயன்படுத்துங்கள். மலரில் ஒருவரை நினைவுகூர வேண்டுமாயின் காரைதீவில் பிறந்த சுவாமி விபுலாநந்தரை நினைவுகூருங்கள். அறிவியல் பட்டம் பெற்ற அவர், பண்டைய யாழ்களின் வடிவத்தையும் நரம்புகளின் சுருதி அளவுகளையும் கணக்கிட்டு 1947இல் யாழ்நூலை அரங்கேற்றினார். அவருடைய ஆய்வின்படி யாழ்களைச் செய்வித்தும் காட்டினார். மறைந்துபோன ஒன்றை அளவெடுத்து, கையால் மீண்டும் செய்து பார்ப்பது இசைக்குப் புறம்பான வேலை என்று கிழக்கு மாகாணத்தில் யாரும் சொல்ல முடியாது.

எழுதும் முறையைக் கேட்டிருந்தீர்கள். “அவருக்கு மாதிரிப் புகையிரதங்களிலும் ஈடுபாடு இருந்தது” என்ற ஒற்றை வாக்கியத்தோடு விட்டுவிடாதீர்கள். அதைப் படிக்கும் எவரும் ஏதோ பொழுதுபோக்கு என்று கடந்து போய்விடுவார்கள். தாள வகுப்பில் நடந்ததை அப்படியே எழுதுங்கள். சிறுவர்கள் எங்கே நின்றார்கள், அவர் எந்த வேகத்தில் ஓடவிட்டார், வேகத்தை இரட்டித்தபோது காலப் பிரமாணம் தவறியவர்களை எப்படித் திருத்தினார் என்பனவற்றை எழுதுங்கள். குறிப்பேட்டின் ஒரு பக்கத்தைப் படமாகவே அச்சிடுங்கள்.

---

பதில்: மின்னணுத் திருத்துநர், கல்முனை

உங்கள் இரண்டாவது கேள்விக்கு நான் பதில் எழுதுகிறேன். நானும் சிறிய அளவில் இத்துறையில் ஈடுபாடு உள்ளவன்.

முதலில் அந்த 22 மில்லிமீற்றரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இலங்கைப் புகையிரதப் பாதையின் அகலம் 1676 மில்லிமீற்றர். உலகின் பெரும்பாலான நாடுகளில் உள்ள 1435 மில்லிமீற்றரை விட அகலமானது. பிரித்தானிய மாதிரிகளில் வழக்கமான 1:76 என்ற அளவில் இதைச் சுருக்கினால் ஏறத்தாழ 22 மில்லிமீற்றர் வரும். ஆனால் அந்த அளவுக்கெனக் கடைகளில் விற்கும் தண்டவாளத்தின் அகலம் 16.5 மில்லிமீற்றர் மட்டுமே. அதைப் போட்டிருந்தால் பாதை, உண்மையான அளவில் சொல்வதானால், நாற்பது சென்ரிமீற்றருக்கு மேல் ஒடுங்கிப்போயிருக்கும். பெரும்பாலானோர் அதைப் பொருட்படுத்துவதில்லை. உங்கள் ஆசிரியர் பொருட்படுத்தியிருக்கிறார். அப்படியானால் அந்த அறையிலுள்ள ஒவ்வொரு அங்குலப் பாதையும், பாதை பிரியும் ஒவ்வொரு பொயின்ற்ஸும் அவர் கையால் செய்தவை. எஞ்சினின் அச்சுகளையும் அவரே மாற்றியிருக்க வேண்டும். சிலிப்பர் கட்டைகளின் மேற்புறத்தைப் பாருங்கள்: செப்புப் பூச்சுள்ள மின்சுற்றுப் பலகையைக் கீற்றுகளாக வெட்டி, அதன் மேல் தண்டவாளத்தை ஈயத்தால் பற்றவைத்திருந்தால், ஒவ்வொரு கட்டையின் நடுவிலும் செம்பு மெல்லியதாகச் சுரண்டப்பட்டிருக்கும். இரு தண்டவாளங்களும் மின்சாரத்தால் இணைந்துவிடாமல் இருக்கச் செய்யும் வேலை அது. ஒரு கட்டையில் தவறினாலும் முழுப் பாதையும் நின்றுவிடும். சுருதி சுத்தத்துக்குப் பழகிய கைக்கு அந்தப் பொறுமை இருந்திருக்கிறது.

இப்போது எடுத்து வைக்கும் வேலை. எதையும் கழற்றுவதற்கு முன் படம் பிடியுங்கள். மேலிருந்து, பக்கவாட்டிலிருந்து, முக்கியமாகப் பலகையின் அடியிலிருந்து. அடியில் ஓடும் கம்பிகள் ஒவ்வொன்றின் இரு முனைகளிலும் ஒரே இலக்கத்தை எழுதி ஒட்டுங்கள். கம்பியை வெட்டுவது எளிது. எது எதோடு சேர்ந்தது என்பது அவருக்கு மட்டுமே தெரிந்திருந்தது.

ஓடவிட்டுப் பார்க்க ஆசை வரும். உடனே மின்சாரம் கொடுக்காதீர்கள். இவ்வகைப் பாதைகள் பொதுவாக 12 வோல்ட் நேர் மின்னோட்டத்தில் இயங்குபவை. ஆனால் வீட்டு மின்சாரத்தை 12 வோல்ட்டாகக் குறைக்கும் பழைய மின்மாற்றியின் உறை வெடித்திருந்தால் அது உயிருக்கே ஆபத்து. பழகிய ஒருவர் அதைத் திறந்து பார்க்கட்டும். அதன் பிறகு ஐசோபுரோப்பைல் அல்ககோலில் நனைத்த பஞ்சுத் துணியால் தண்டவாளத்தின் மேற்புறத்தைத் துடையுங்கள். மண்தாள் போட்டுத் தேய்க்கவே கூடாது. தேய்த்தால் கீறல்களில் அழுக்கு இன்னும் வேகமாகப் படியும். அவர் அளந்து வெட்டிய அந்த மூட்டுகளும் மழுங்கிவிடும். கடற்காற்று வீசும் நம் பகுதியில் உலோகம் விரைவில் கறுக்கும் என்பதால் அவர் இதை வாரந்தோறும் செய்திருக்கக் கூடும்.

ஓடத் தொடங்கியதும் செய்ய வேண்டிய முதல் காரியம் ஒலிப்பதிவு. கையடக்கத் தொலைபேசியோடு நிறுத்திவிடாமல், கச்சேரி பதிவு செய்யும் ஒலிவாங்கியைத் தண்டவாள மூட்டுக்கு அருகில் வைத்து, குறைந்த வேகம், நடு வேகம், அதிவேகம் என மூன்றிலும் பதிவு செய்யுங்கள். பலகைகளைப் பிரித்துவிட்டுத் திரும்பப் பொருத்தும்போது ஓசை மாறிப்போகலாம். பலகையும் அந்த ஓசையின் ஒரு பகுதி. வயலின் வாசிப்பவருக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை.

பிரிப்பதற்கு, பலகைகள் போல்ட் போட்டு இணைக்கப்பட்டிருக்கின்றனவா என்று அடியில் பாருங்கள். போல்ட் இருந்தால் அவரே பிரிக்கும் எண்ணத்தோடு கட்டியிருக்கிறார். இல்லையெனில், நிலையங்களுக்கு இடைப்பட்ட வெறும் பாதையில் மட்டும் வெட்டுங்கள்; பொயின்ற்ஸ் இருக்கும் இடத்திலும் பாலத்திலும் கை வைக்க வேண்டாம். எஞ்சின்களையும் பெட்டிகளையும் தனித்தனியாகத் தாளில் சுற்றி, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பைகளோடு மூடிய பெட்டிகளில் வையுங்கள். பலகைகளைச் சுவரில் சாய்த்து வைக்காமல் தட்டையாக, தரையிலிருந்து உயர்த்தி வையுங்கள். வாடைக் காற்று தொடங்கி மாரி மழை பெய்யும் மாதங்களில் பிளைவுட் ஈரத்தை இழுத்து வளையும். வெள்ளம் வீட்டுக்குள் வரும் ஊர் நம்முடையது என்பதையும் மறக்க வேண்டாம். ஆகவே மாரிக்கு முன் இந்த வேலையை முடிப்பது நல்லது.

நிரந்தரமான இடத்தைப் பற்றி: முழுப் பாதையையும் ஏற்றுக்கொள்ள இடம் கிடைக்காவிட்டால், மட்டக்களப்பு நிலையப் பலகையை ஒரு நூலகத்திலோ பாடசாலை இசை அறையிலோ கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கக் கேட்டுப் பாருங்கள். ஆனால் தண்டவாள வெட்டுகள் உள்ள ஒரு பகுதியாவது ஓடக்கூடிய நிலையில், பிள்ளைகள் கேட்கக்கூடிய இடத்தில் இருக்கட்டும். வேலைக்கு ஆள் வேண்டுமானால் நான் கல்முனையிலிருந்து கருவிகளோடு வருவேன். கூலி எதுவும் வேண்டாம்.

---

வாவிக்கரை மாணவி

ஐயாமார் அனைவருக்கும் எங்கள் நன்றி. மகளிடம் கேட்டேன். மட்டக்களப்பு நிலையத்தையும் ஏறாவூரையும் அவர் திருமணமான புதிதில் கட்டியிருக்கிறார். வாழைச்சேனையும் புனானையும் பாலமும் போர்க்காலத்தில், கோச்சி வராமல் இருந்த ஆண்டுகளில் கட்டப்பட்டவை. ஊரடங்கு இரவுகளில் வயலின் ஓசை வெளியே கேட்டுவிடக் கூடாது என்று தம் தாயார் பயந்ததாகவும், அந்த நேரங்களில்தான் தந்தை பின்னறையில் தண்டவாளம் பற்றவைத்துக்கொண்டிருந்ததாகவும் சொன்னார். பாலத்தின் அளவுகளைப் பழைய மேலாளர் ஒருவரின் ஞாபகத்திலிருந்தும், தாம் பயணம் செய்தபோது எழுதி வைத்த குறிப்புகளிலிருந்தும் எடுத்திருக்கிறார்.

சிலிப்பர் கட்டைகளையும் பார்த்தேன். கல்முனை ஐயா சொன்னபடி ஒவ்வொன்றின் நடுவிலும் செம்பு சுரண்டப்பட்டிருக்கிறது. பலகைகளின் அடியில் போல்ட்டுகளும் இருக்கின்றன.

நேற்று மாலை இந்தப் பதில்களைக் குழுவில் வாசித்துக் காட்டினோம். வாழ்க்கைக் குறிப்பிலேயே, ஏறாவூர் விடுதியில் தொடங்கி, தாள வகுப்பு வரும் இடத்தில் பின்னறையும் வரும் என்று முடிவாகியிருக்கிறது. தாமரைக்கேணி ஐயா சொன்னபடி இசைப் பகுதியில் ஒரு வரியும் குறைக்கப்படாது. கூடுதலாகும் பக்கங்களின் அச்சுச் செலவைப் பழைய மாணவர்கள் ஏற்றுக்கொள்கிறார்கள்.

ஓர் உதவி இன்னும் வேண்டும். குறிப்பேட்டில் அச்சிடுவதற்காக நாங்கள் தெரிந்தெடுத்த பக்கத்தில் நிலையப் பெயர்களுக்கு எதிரே இரண்டு நிரல்களில் நேரங்கள் இருக்கின்றன. அவற்றில் ஒன்று அட்டவணை நேரம், மற்றது உண்மையில் வந்த நேரம் என்று ஊகிக்கிறோம். மூன்றாவது நிரலில் சில எழுத்துச் சுருக்கங்கள் உள்ளன. அவை புகையிரதத் திணைக்களத்தில் வழங்கியவையா, அவரே தாளத்துக்காக வைத்துக்கொண்டவையா என்று நிலைய அதிபர் ஐயா பார்த்துச் சொன்னால், படத்தின் கீழே சரியான விளக்கம் எழுத முடியும். பக்கத்தின் படத்தை இன்றிரவே தனிச் செய்தியில் அனுப்பி வைக்கிறேன்.